கூடை மண்ணில் வெட்டிய குழி

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. கால் மரத்துப்போனால் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். ஒரு குழியும் ஒரு பாட்டில் சொட்டு நீலமும் சேர்ந்து செய்த காரியத்தை இன்றைக்கு உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

மலைச்சரிவில் ஒரு நிலம். மேல்பாதி அக்காவுக்கு, கீழ்பாதி தங்கைக்கு. பெரியவள், சின்னவள் என்றே வைத்துக்கொள்வோம். சின்னவள் கீழே இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்து கோஸும் கேரட்டும் போட்டாள். வீட்டுக்குப் பின்னால் பாறை இடுக்கில் ஓர் ஊற்று, விரல் பருமனுக்கு ஒழுகும். குடிக்கவும் சமைக்கவும் அவளுக்கு அது ஒன்றுதான். குழாய்த் தண்ணீர் அந்தச் சரிவுக்கு வரவில்லை.

பெரியவளின் கணவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் குரலைக் கேட்டு எல்லோரும் வைத்த பெயர் ஹாரன். புருஷனும் பெண்டாட்டியும் மேலே வீடு கட்டப் புறப்பட்டார்கள். கழிவுநீர்த் தொட்டியிலிருந்து வழிகிற தண்ணீரை மண்தானே குடிக்கவேண்டும்? குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று எழுதிக் கொடுங்கள் என்று பஞ்சாயத்து அலுவலகத்தில் சொன்னார்கள்.

ஹாரன் மனைக்குப் பக்கத்திலேயே முழங்கால் ஆழத்துக்கு வெட்டி நாலு வாளி ஊற்றினார். ஆறே நிமிடத்தில் குழி காலி.

"பாத்தியா! எக்ஸ்பிரஸ்!" என்று கூவினார். "ஒரு ஸ்டாப்புல கூட நிக்கல!"

சத்தம் கேட்டு மேலே ஏறி வந்த சின்னவள் குழிக்குள் கைவிட்டு ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்தாள். பொலபொலவென்று உதிர்ந்தது.

"மாமா, இது நம்ம கூடை மண்ணு."

ஒவ்வொரு மழைக்காலமும் முடிந்ததும், கீழே அடித்துக்கொண்டு வந்த வண்டலை அக்காவும் தங்கையுமாக அள்ளி, கூடை கூடையாக மேலே சுமந்து கொட்டுவார்கள். பதினைந்து வருஷ வழக்கம். கொட்டுகிற இடம் இந்த மனையும் அதைச் சுற்றியும்தான்.

"நாங்க தூக்கிப் போட்ட மண்ணு தண்ணியக் குடிக்கத்தான் செய்யும். அடியில என்ன இருக்குன்னு யாரு பாத்தா? அங்க போன தண்ணி எங்க வெளிய வரும்? என் ஊத்து நேர் கீழ இருக்கு."

"மேல வீடு வந்தா உன் கோஸுக்கு வெயில் கொறையும்னு பயம். அதச் சொல்லேன்."

"ஏங்க, சும்மா இருங்க" என்றாள் பெரியவள். அவளுக்கு வீடும் வேண்டும், தங்கையும் வேண்டும். கீழே தங்கை வீட்டுக்குள் போய்த் துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை எடுத்துவந்தாள். "இத ஊத்திப் பாத்துடலாம். எதுவும் வரலைன்னா இவ பேசமாட்டா."

"ஊத்து, ஊத்து. குழியாவது வெளுக்கட்டும்."

நீலத்தை ஊற்றி, அதன்மேல் பத்து வாளித் தண்ணீரையும் விட்டார்கள். முதல் நாள் ஊற்று தெளிவாக வந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலையில், மறுநாள் கொத்தனார் வருகிறார் என்று சொல்லிப்போக ஹாரன் இறங்கி வந்தார். இறங்கின வேகத்தில் தாகம். சின்னவள் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். வாய்வரை கொண்டுபோனவர் வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டார். வெளுத்த வானத்தின் நிறம்.

"என்னது இது?"

"உங்க எக்ஸ்பிரஸ் வந்து சேந்துடுச்சு, மாமா."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அன்றைக்கு ஹாரன் அடிக்கவில்லை.

"இன்னைக்கு நீலம்" என்றாள் அவள். "நீங்க குடிவந்தப்புறம் என்ன வரும்னு நான் சொல்லணுமா?"

மறுநாள் கொத்தனார் அந்தக் குழியைக் கடப்பாரையால் ஆழப்படுத்தினார். நாலடியில் 'ணங்' என்றது. கீழ்நோக்கிச் சரிந்த ஒரே பாறை.

"தண்ணி இறங்கல, வழுக்கிட்டுப் போயிருக்கு. மண்ணையெல்லாம் எடுத்துட்டுப் பாறையிலயே படி வெட்டி அஸ்திவாரத்தை உக்கார வைக்கிறேன். இந்தக் கூடை மண்ணுமேல வச்சிருந்தா ஒரு மழையில வீடே அந்தம்மா வீட்டுக்கு விருந்துக்குப் போயிருக்கும்."

தொட்டித் தண்ணீருக்கு வேறு இடம் தேடினார்கள். இந்த முறை ஒருநாள் முழுக்கக் குழியை ஊறவைத்து, அதற்குப்பிறகு மறுபடி ஊற்றி அளந்தார்கள். ஓரிடத்தில் களிமண், மறுநாள் பார்த்தால் தண்ணீர் அப்படியே நிற்க, தவளை ஒன்று குடிவந்திருந்தது. கடைசியில் மேட்டைத் தாண்டி, ஊற்றுக்கு எதிர்ப்பக்கம் சரிகிற ஒரு துண்டில் மணல் கலந்த மண் கிடைத்தது. நல்ல ஆழம். வேகமும் இல்லை, தேக்கமும் இல்லை, நிதானமாக இறங்கியது.

கீழ்பாதி ஓரத்தில் சின்னவள் போட்டிருந்த கேரட் பாத்தி அது.

மற்ற இடத்தில் போட்டால் கேரட் இரண்டு கால் முளைத்துக் கோணிக்கொண்டு வரும். அங்கேதான் நேராக இறங்கும். தொட்டித் தண்ணீர் பாய்கிற இடத்தில் இனி புல்லைத் தவிர வேறு எதையும் வளர்க்க முடியாது.

"வேணாம்டி" என்றாள் பெரியவள். "நாங்க வாடகை வீட்டுலயே இருந்துக்கறோம்."

சின்னவள் குனிந்து ஒரு கேரட்டைப் பிடுங்கி, முந்தானையில் துடைத்துக் கடித்தாள். மென்று முடிக்கிறவரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

"எடுத்துக்கோங்க. ஆனா அஸ்திவாரத்துலேர்ந்து வர்ற கூடை மண்ணு மொத்தமும் எனக்கு. வீட்டுப் பக்கத்துல கல்லு கட்டிப் புதுப் பாத்தி போட்டுக்கறேன். தூக்கிட்டு வர்றது மாமா."

"நானா?"

"பதினஞ்சு வருஷம் நாங்க மேல ஏத்தினோம். நீங்க கீழதானே இறக்கப்போறீங்க?"

ஹாரன் பன்னிரண்டு நாள் இறக்கினார். தலையில் துண்டைச் சுருட்டி வைத்து, அதன்மேல் கூடை. வளைவுக்கு வரும்போதெல்லாம் கீழேயிருந்து குரல் வரும்: "ஹாரன் அடிச்சுட்டு வாங்க மாமா, எதிர்ல நான் ஏறி வரேன்!"

நீலம் ஊறிய மண்ணைத் தோண்டி எடுத்த பிறகு ஊற்றில் நீலம் மெல்ல மெல்ல வெளுத்துப் போனது. தெளிந்த முதல் டம்ளரை ஹாரனிடமே நீட்டினாள். அவர் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தரம் பார்த்த பிறகுதான் குடித்தார்.

அவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்து போங்கள், நேரமாகிறது. உங்கள் வீடு அசையாத பாறையில் உட்காரட்டும். நீங்கள் குடிக்கிற தண்ணீர் தெளிந்தே வரட்டும். உங்கள் வாசலிலிருந்து வழிந்துபோகிற தண்ணீரும் கீழ்வீட்டுக்காரர் வயிற்றைக் கெடுக்காமல் போகட்டும். போட்டதெல்லாம் நேராக விளைந்து, எல்லோரும் நன்றாயிருங்கள்.