கொளஞ்சியப்பன் பெயரில் ஒரு சர்வீஸ் அக்கவுண்ட்

ஓர் ஆலைக்கு உடல் இரும்பு, உயிர் நெருப்பு, மூளை சர்வர். 2005இல் ஒரு சுபமுகூர்த்தத்தில், அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலையொன்றில் மேலாளர் சிவசுப்பிரமணியன் இப்படி முழங்கினார். முழங்கிவிட்டு மாலையை மானிட்டருக்குப் போட்டார். மூளை மேசைக்கு அடியில் இருந்தது.

அந்தப் பேச்சை நம்பிய ஒரே ஆள் கொளஞ்சியப்பன். சர்வரை அமைத்துக் கொடுக்கப் பெரம்பலூரிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவன். இரண்டு மாதமாக லாட்ஜில் பரோட்டாவைத் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தான். ஆலையில் அவனுக்குப் பெயர் கிடையாது, 'கம்ப்யூட்டர் சார்'தான். கணக்குப் பிரிவுப் பூங்குழலி மட்டும் ஒருநாள், "ஒங்க பேரு என்னங்க சார்?" என்று கேட்டாள். அவன் வாயைத் திறப்பதற்குள் அவளை யாரோ கூப்பிட்டுவிட்டார்கள்.

சர்வரில் ஏற்றிய மென்பொருள், ஆலையின் எல்லாக் கணினிகளுக்குள்ளும் தினமும் காலையில் தானே நுழைந்து நோய் நொடி பார்த்து வர வேண்டும். நுழைய ஒரு பெயரும் பாஸ்வேர்டும் வேண்டும். எந்த மனிதருக்கும் சொந்தமில்லாத பெயராக வைப்பார்கள்; அதுதான் சர்வீஸ் அக்கவுண்ட். அதன் பாஸ்வேர்டுக்குக் கெடு வைக்கக்கூடாது என்பது தொழிலின் அரிச்சுவடி.

கொளஞ்சியப்பன் தன் பெயரையே வைத்தான். ஆறு வாரக் கெடுவும் வைத்தான். கெடு முடிந்தால் எந்தக் கணினியும் அந்தப் பெயரை உள்ளே விடாது. மூளை மயங்கும், ஆலை அலறும். அப்போது கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள்? பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், திரையிலேயே எழுதியிருக்குமே.

வேலை முடிந்து பெரம்பலூர் அறைக்குத் திரும்பினான். தினமும் காலையில் பல் விளக்கும்போது, இந்நேரம் தன் பெயர் எல்லா மேசைக்கும் போய் நலம் விசாரித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வான். அவனை நலம் விசாரித்தது செல்போன் கம்பெனி ஒன்றுதான், அதுவும் குறுஞ்செய்தியில்.

கெடு முடிந்த அன்று குளிக்கும்போதுகூட போனை ஜன்னலில் வைத்திருந்தான். ஒலிக்கவில்லை. மறுநாளும் இல்லை. ஒருவேளை கெட்டுப்போயிருக்குமோ என்று பெட்டிக்கடையிலிருந்து தன் எண்ணுக்கே போட்டுப் பார்த்தான். நன்றாக ஒலித்தது. அதற்கடுத்த நாள் அரியலூர் பஸ் ஏறினான்.

"அட, கம்ப்யூட்டர் சாரு! எங்க இந்தப் பக்கம்?" என்றாள் பூங்குழலி.

"கீழப்பழுவூர்ல ஒரு விசேசம். அப்படியே எட்டிப் பாக்கலாம்னு..." இழுத்தான். "சிஸ்டமெல்லாம் எப்படிங்க? மூணு நாளா ஏதாச்சும் கோளாறு?"

"ஒண்ணும் இல்லீங்க சார். ஒங்க புண்ணியத்துல எல்லாம் சூப்பரா ஓடுது."

"எதுவுமே நிக்கலையா?"

"என்ன சார், நின்னாத்தான் சந்தோசமா?" என்று சிரித்தாள்.

அவனால் சிரிக்க முடியவில்லை. "சர்வர ஒருதடவ பாத்துட்டுப் போயிடறேன்."

"இப்ப வேணாங்க சார். ஏசி ரூமாச்சா, மேனேஜர் சாரு சாப்ட்டுட்டு அங்கதான் கண்ணசருவாரு."

"அந்தச் சர்வர் சத்தத்துலயா தூங்குறாரு?"

"எங்க சத்தம்? சும்மா வுர்ருனு கத்திக்கிட்டே இருந்துச்சுன்னு, நீங்க போன மறுநாளே நிறுத்தச் சொல்லிட்டாருல்ல. டீ சாப்டுறீங்களா?"

கொளஞ்சியப்பன் டீ சாப்பிட்டான். பாஸ்வேர்டின் கெடு முடிவதற்குள் சர்வர் நின்று ஏறக்குறைய ஆறு வாரம் ஆகியிருந்தது.