வலி வகுப்பின் நடுவே இறங்கிய கட்டில்

எலும்பு நோய்ப் பிரிவில் கிடந்த லாரி ஓட்டுநரின் கட்டில், ஒரு வியாழக்கிழமை முற்பகலில், மாடித் தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழேயிருந்த கருத்தரங்கக் கூடத்தில் இறங்கிற்று. வலி மிகுந்தவர்களின் எடை கூடுவது அம்மருத்துவமனைக்குப் புதிதன்று. அவர் வந்து படுத்த முதல் மாதத்திலேயே கட்டிற்கால்கள் நான்கும் தரைக்குள் புதையத் தொடங்கியிருந்தன. துப்புரவுப் பெண்கள் அவற்றைச் சுற்றித் துடைப்பத்தை வளைத்துக் கூட்டப் பழகிக்கொண்டார்கள். மருத்துவர்கள் கவனிக்கவில்லை. குனிந்து பார்க்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை.

மார்ஃபின் எழுதிக்கொடுக்கும் அதிகாரம், நோயாளியின் வலியைத் தணிப்பது பற்றிய தொடர்கல்வி வகுப்பில் முழுவதும் அமர்ந்தெழுந்தவர்க்கே உண்டென்பது விதி. இடையில் தடைப்பட்டால் வகுப்பு செல்லாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும். விதியை வகுத்தவரும் வகுப்பை எடுத்தவரும் தலைமை மருத்துவரே. திரையில் படம் ஓடாமல் வாய் திறவாதவராதலால் ஊழியர்கள் அவரை ‘ஸ்லைடு’ என்றனர். அவர் அதைப் புகழ்ச்சியென்றே எடுத்துக்கொண்டார். வகுப்பு தொடங்கும், மாடியில் ஓட்டுநர் அலறுவார், வகுப்பு தடைப்படும், மறுவாரம் மீண்டும் தொடங்கும். இவ்வாறே ஆண்டுகள் கழிந்தன. சிலர் அந்த நாற்காலிகளிலேயே நரைத்தனர். ஒருவர் கண்ணைத் திறந்தபடி உறங்குவதில் தேர்ச்சி பெற்றார். இன்னொருவர் தம் மகளின் திருமண அழைப்பிதழ்கள் அனைத்திற்கும் அங்கேயே முகவரி எழுதி முடித்தார். அம்மகள் பிள்ளை பெற்ற பின்னரும் அவர் அங்கேயே இருந்தார். “அந்தாளக் கொஞ்சம் வாயை மூடச் சொல்லுங்க, அவருக்காகத்தானே படிச்சிட்டிருக்கோம்” என்று ஸ்லைடு ஆளனுப்புவார்.

ஓட்டுநரின் தங்கை தையல் வேலை செய்பவள். அண்ணன் ஒருநாளாவது அயர்ந்து உறங்கிவிட வேண்டும் என்பதொன்றே அவள் வேண்டியது. வாரந்தோறும் கூடத்தின் வாயிலில் வந்து நிற்பாள்.

“மருந்து அளவெல்லாம் சீட்டுல எழுதியாச்சாம் சார். ஒரு கையெழுத்துதான் பாக்கி.”

“வகுப்பு முடியட்டும்மா” என்பார் ஸ்லைடு. “பத்துக்கு எவ்வளவு வலின்னு கேட்டு வச்சியா?”

“பத்துக்கு மேலேங்கறாரு சார்.”

“அப்படியெல்லாம் சொல்லக் கூடாது. பத்தோட நிறுத்திக்கணும்.”

அந்த வியாழனன்று திரையில் ‘நோயாளியின் அருகில் அமர்ந்து செவிகொடுங்கள்’ என்னும் வாசகம் தோன்றிய வேளையில் கட்டில் இறங்கிற்று. அருகில் அமர்ந்திருந்தோர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டனர். சுண்ணாம்புத் தூள் விழாதபடி ஒருவர் பிஸ்கட் தட்டைக் கைக்குட்டையால் மூடினார். அன்று அக்கூடத்தில் நிகழ்ந்த ஒரே சிகிச்சை அதுவே.

“என்னப்பா இது, இன்னும் மூணே ஸ்லைடுதான். பொறுத்துக்கக் கூடாதா?” என்றார் தலைமை மருத்துவர்.

“பிரேக் பிடிக்கல சார்” என்றார் ஓட்டுநர். கட்டில் கூடத்தின் தரையையும் துளைத்துக்கொண்டு இறங்கிற்று.

அதன் கீழே மருந்துக் கிடங்கு. தங்கை படிவழியே ஓடிச் சேர்வதற்குள், கட்டில் இரும்பு அலமாரியின் மேல் அமர்ந்து அதை நசுக்கியிருந்தது. பூட்டுத் தெறித்து, மார்ஃபின் புட்டியொன்று எகிறி ஓட்டுநரின் மடியில் விழுந்து கிடந்தது.

“கையெழுத்தில்லாம எடுக்கக் கூடாதும்மா” என்றார் கிடங்குக்காரர்.

“யாருங்க எடுத்தா? அதுவா வந்து விழுந்துச்சு.”

விதியில் கொடுப்பது பற்றித்தான் சொல்லியிருக்கிறது, விழுவது பற்றி ஒன்றுமில்லை என்று கண்டு, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்னாலேயே வந்த நர்ஸ், சீட்டிலிருந்த அளவுப்படி மருந்தைக் கொடுத்தாள். சிறிது நேரத்தில் ஓட்டுநரின் முகம் தளர்ந்தது, கண் மூடிற்று, எடை குறையக் குறையக் கட்டில் எழும்பலாயிற்று. தங்கை அதன் விளிம்பில் ஏறி அமர்ந்துகொண்டாள்.

இடையூறு நேர்ந்தமையால் கூடத்தில் வகுப்பு மீண்டும் முதல் படத்திலிருந்து தொடங்கியிருந்தது. தரையின் துளைவழியே கட்டில் மேலெழுந்தபோது ஸ்லைடு ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“சத்தம் போடாதீங்க சார், தூங்கறாரு” என்றாள் தங்கை. கட்டில் கூரைத் துளைவழியே மாடிக்குச் சென்று தன்னிடத்தில் அமர்ந்தது.

இப்போது இரு துளைகளுக்கும் கம்பித் தடுப்பு போட்டு, ஆண்டுதோறும் வர்ணம் அடிக்கிறார்கள். வலி மிகுந்தோர் இறங்குகிறார்கள், உறங்கியபடி ஏறுகிறார்கள். கட்டில் கடப்பதும் இடையூறே என்பதால் வகுப்பு இன்றளவும் முடிந்தபாடில்லை. அது வரும்போது மருத்துவர்கள் கால்களை மடக்கிக்கொள்கிறார்கள். இத்தனை ஆண்டுகளில் அவ்வளவு கற்றிருக்கிறார்கள்.