உப்புச் சந்துக்குக் குடிவந்த கோட்டை

வெந்நீர் நீச்சல் குளம் திறந்த ஆண்டின் நவம்பரில், ஆர்ட்கின்னி ஊரின் கோட்டை மலையை விட்டிறங்கி ஊருக்குள் நடக்கத் தொடங்கியது. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடலோரக் காற்றை அறுநூறு வருடம் நின்ற நிலையில் வாங்கிய எவருக்கும் அந்த ஆசை வரத்தான் செய்யும். குளத்துக்கு வெந்நீர் கொண்டுபோகும் குழாயைத் தெருத்தெருவாகப் புதைத்து வீடுகளுக்கும் இழுத்துக் கொடுத்திருந்தார்கள். ராஜாக்கள் காலத்துக் கல்வீடுகளில் மனிதர்கள் முதல்முறையாக ஜனவரியில் கம்பளி இல்லாமல் உட்கார்ந்து, கைப்பேசியில் பேரப்பிள்ளைகளோடு பேசினார்கள். எட்டிப்பிடிக்கும் தூரத்தில் நூலகம், மருத்துவமனை, பத்து நிமிடத்துக்கொரு பேருந்து என்று எல்லாமே இருந்த அருமையான ஊர் அது. கோட்டைக்கும் அது புரிந்திருக்க வேண்டும். நாலு மாடிச் சதுரக் கட்டடம்தான், ஆனாலும் மரியாதை தெரிந்தது. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து நகர்ந்தது, பூச்செடிகளை மிதிக்கவில்லை, பேருந்து வந்தால் ஒதுங்கி நின்றது. அடுத்தவர் விவகாரத்தை விசாரிப்பது ஆர்ட்கின்னியில் அநாகரிகம் என்பதால் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. கார் நிறுத்த இடம் போயிற்றே என்று மட்டும் முணுமுணுத்தார்கள்.

மூன்றாம் வருடம் அது உப்புச் சந்துக்கு வந்து, கிரிசெல் முயிர் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே, குழாய் மிகவும் சூடாக ஓடும் இடமாகப் பார்த்து அமர்ந்தது. அந்த ஜன்னலோரம்தான் அவர் கணவர் இன்னஸ் படுத்திருந்தார். வாழ்நாளெல்லாம் பயணிகள் படகு ஓட்டியவர், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபின் அந்த ஜன்னலில் தெரியும் கடலை வைத்துத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடல் மறைந்த அன்றே சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். சாப்பாடும் இறங்கவில்லை. டாக்டர் அழைத்த உடனே வந்தார், மருந்து வீடு தேடி வந்தது, எதற்கும் பலனில்லை. மனுஷன் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தார். கிரிசெல் கோட்டையைக் கரித்துக்கொட்டினார்.

நகராட்சியில் பழங்காலக் கட்டடங்களைக் கவனித்துக்கொண்டவன் லாக்லன் ராய். நல்ல பையன்தான். கிரிசெல் போய் முறையிட்டதும், “அதோட ஒரு கல்லத் தொட்டாலும் சட்டம் என்னைச் சும்மா விடாதும்மா” என்று கையைப் பிசைந்தான். மனசு கேட்காமல், துறைமுகத்தில் ஒரு கேமரா வைத்து, இன்னஸின் கட்டிலருகே சுவரளவு திரை மாட்டி, கடலை அப்படியே அதில் ஓடவிட்டான். அலையின் ஒவ்வொரு நுரையும் துல்லியமாகத் தெரிந்தது. இன்னஸ் ஒரு நாள் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு தம்பி. வாடைதான் வரல.”

மறுபடியும் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கிரிசெலுக்குச் சுருக்கென்றது. சந்துக்கு யார் புதிதாகக் குடிவந்தாலும் முதல் வாரத்திலேயே ஒரு தட்டு பலகாரத்தோடு போய்க் கதவைத் தட்டுவது வழக்கம். இதற்கு மட்டும் யாருமே போகவில்லை. அறுநூறு வருடத்தில் அதன் வாசலுக்கு வந்தவர்களெல்லாம் சரணடையச் சொல்லிக் கத்தியவர்களும் தீ வைத்தவர்களும்தான். கிரிசெலுக்கு வெட்கமாகப் போயிற்று. வெண்ணெய் பிஸ்கட் சுட்டார், தேநீர் போட்டார், நல்ல மேலங்கியை மாட்டிக்கொண்டு எதிரே போய் வாசற்கல்லில் தட்டை வைத்தார்.

“லேட்டா வந்துட்டேன், மன்னிச்சுக்க. குளிருக்குத்தானே வந்த, இரு, நல்லா இரு. உன்னைப் போகச் சொல்லல. ஆனா உள்ள என் வீட்டுக்காரர் கெடக்குறாரு. அவருக்குக் கடல் வேணும். என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல. உனக்குத் தெரிஞ்சா செய்யி.” சொல்லும்போதே அழுதுவிட்டார்.

திங்கட்கிழமை காலை கோட்டை திரும்பி உட்கார்ந்திருந்தது. ஏதோ பழைய சண்டையில் கண்ணாடியும் எதிர்ச்சுவரும் போய் இருபுறமும் திறந்து கிடந்த அதன் பெரிய ஜன்னல் இப்போது இன்னஸின் ஜன்னலுக்கு நேராக நின்றது. கடல் முழுவதும் அதன் வழியே தெரிந்தது, உப்புக்காற்று அறைக்குள் வந்து திரைச்சீலையை உதறியது. கடலில் பாய்மரக் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. அந்தக் கரையில் பாய்மரச் சரக்குக் கப்பல் ஓடி நூறு வருடத்துக்கு மேலாகிறது. ஆனால் அறுநூறு வருடம் பார்த்துக்கொண்டிருந்த ஜன்னல், தான் பார்த்ததைத்தானே காட்டும். இன்னஸ் மெல்லத் தலையைத் திருப்பினார்.

“முட்டாப் பய. அவ்வளவு சரக்க ஏத்திக்கிட்டு இந்தக் காத்துலயா போவான்?” என்றார். பிறகு, “கிரிசெல், கஞ்சி இருக்கா?”

தகவல் கேட்டு ஓடிவந்த லாக்லன், அனுமதியில்லாமல் கோட்டை திரும்பிவிட்டதே என்று ஆரம்பித்தான். “அதுகிட்டயே சொல்லேன், காது கேக்குது” என்றார் கிரிசெல். அவன் ஜன்னல் வழியே வெகுநேரம் பார்த்தான், தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நகராட்சி கோட்டைக்கு ஒரு கதவு எண்ணும் தனி வெந்நீர் இணைப்பும் கொடுத்தது. இன்னஸ் மேலும் ஐந்து குளிர்காலம் இருந்து, கப்பல்காரர்களைத் திட்டித் தீர்த்துவிட்டு, ஒரு மார்ச் மாதம் நிம்மதியாகக் கண்மூடினார். இப்போதெல்லாம் உப்புச் சந்தில் யாராவது படுத்த படுக்கையானால், டாக்டருக்குச் சொன்ன கையோடு கட்டில் எந்த ஜன்னலோரம் கிடக்கிறது என்று கோட்டைக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறார்கள்.