ஜெரினா திருப்பித் தந்த டார்ச்

விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பாதிக் கடைகள் பலகை மாட்டியிருக்கின்றன. எங்கள் எலக்ட்ரிக்கல் கடையில் அது கிடையாது. என் தகப்பனார் சாத்தான்குளத்திலிருந்து வந்து கடை போட்ட நாளிலிருந்தே, பழுதான சரக்கைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டு வேறு கொடுப்பது எங்கள் குடும்பத்து வழக்கம். ஆனால் கொண்டுவருகிறவருக்கும் ஒரு முறை உண்டு. தேங்காய்ப்பூ ஒட்டிய மிக்சி ஜாரை அப்படியே மேசையில் வைப்பவர்களைக் கழுவிக்கொண்டு வரச்சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

ஜெரினாவிடம் அந்தக் குறையும் சொல்ல முடியாது. சென்ற ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தாள். டார்ச்சைத் துடைத்து, அட்டைப்பெட்டிக்குள் போட்டு, பேட்டரிகளைத் தனியே காகிதத்தில் சுற்றி, பில்லையும் மேலே வைத்திருந்தாள்.

"வாங்குனா மாதிரியே கொண்டாந்துகீறேன் அண்ணாச்சி. பாத்துக்கோ."

"என்னம்மா பழுது?"

"எரியல. அதான் அவரு மவுத்தாயிட்டாரு."

அவள் கணவன் முதஸ்ஸிருக்கு எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. டிரெய்லர் ரிவர்ஸில் வரும்போது நின்று லைட் காட்ட வேண்டும். மேலும் கீழும் அசைத்தால் வா, பக்கவாட்டில் அசைத்தால் நில். ஒரு ராத்திரி டிரெய்லர் நிற்கவில்லை, அவன் மேலேயே ஏறிவிட்டது. அவன் தூங்கிவிட்டான், லைட்டே காட்டவில்லை என்று காண்டிராக்டர் எழுதிக் கொடுத்துவிட்டானாம்.

"வேற ஒண்ணு எடுத்துக்கோம்மா. இதைவிடப் பெரிசாத் தாரேன்."

"லைட்ட வச்சிகினு நான் இன்னா பண்ணப்போறேன்? எம் பொண்ணு நவ்ரீன இஸ்கூல்ல கேக்குதுங்க, உங்கத்தா தூங்கியா செத்தாருன்னு. சரக்கு பழுதுன்னு இந்தப் பில்லுல ஒரு வரி எழுதிக் குடு அண்ணாச்சி. அது போதும்."

சோதித்துப் பார்க்காமல் எழுத முடியாது, வெள்ளிக்கிழமை வா என்றேன். அவள் போனபின் பேட்டரி போடுவதற்காக அடிமூடியைத் திறந்தேன்.

மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிய சின்ன சிலுவை இருந்தது. திரும்பி வந்த சரக்கு புதியதோடு கலந்துவிடாமல் இருக்க நாங்கள் போடும் அடையாளம் அது. கீறியது என் கைதான்.

டிசம்பர்ப் புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லை. இரண்டாம் நாளே டார்ச் எல்லாம் தீர்ந்துவிட்டது. முழங்கால் தண்ணீரில் நின்று முதஸ்ஸிர் கேட்டான். கேட்டவரிடம் இல்லை என்று சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை. கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப ஒதுக்கியிருந்த பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தேன். அசைத்தால் அணைகிறது என்று யாரோ திருப்பிக் கொடுத்தது. அழுத்திப் பார்த்தேன், எரிந்தது. வேட்டி நுனியால் துடைத்துப் பெட்டியில் போட்டுப் புதியது என்று கொடுத்தேன்.

இப்போது மறுபடி அழுத்தினேன். எரிந்தது. பக்கவாட்டில் அசைத்தேன். அணைந்தது.

பேட்டரிகளைக் கழற்றிவிட்டு மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் பகல் மூன்று மணிக்கு, ஒயர் சுருள்கள் தொங்கும் சுவரில் ஒரு வட்ட வெளிச்சம் விழுந்தது. மேலும் கீழும் அசைந்தது.

"எதுத்தாப்ல நிக்க பஸ் கண்ணாடிப்பா," என்றான் என் மகன் ஆன்றோ.

பஸ் போய்விட்டது. வெளிச்சம் போகவில்லை. வா, வா என்றது. அது ஒருமுறையாவது பக்கவாட்டில் அசையும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அசையவில்லை. புதனன்றும் அதே நேரத்தில் வந்தது. வானம் மூடிக் கிடந்த வியாழனன்றும் வந்தது. அன்று ஒயர் வாங்க வந்த ஒருவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"இன்னா அண்ணாச்சி, யார நிக்க சொல்லிகினு கீறே?"

அப்போதுதான் கவனித்தேன். என் வலக்கை பக்கவாட்டில் அசைந்துகொண்டிருந்தது.

அன்றே ஆன்றோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"யப்பா, ஒரு எழுத்து எழுதிராதீங்க. போலீசு வரும். தாத்தா பேரு போட்ட கடை. நாளைக்கு எவன் உள்ள வருவான்?"

அவன் சொன்னது எனக்குத் தெரியாததல்ல. எழுபத்திரண்டு வயதில் நான் கட்டிக்காத்தது அந்தப் பெயர் ஒன்றைத்தான்.

வெள்ளிக்கிழமை ஜெரினா வந்தாள். டார்ச்சைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பில்லை என் முன்னால் வைத்துவிட்டு நின்றாள். ஆன்றோ என் தோளைத் தொட்டான். நான் பேனாவை எடுத்து, 'சரக்கில் பழுது உண்டு. அசைத்தால் அணைகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரையும் வைத்தேன்.

அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். கண் நிறைந்துவிட்டது.

"ஊரு பூரா கேட்டேன் அண்ணாச்சி, ஒருத்தன் வாய தொறக்கல. நீ நல்ல மனுசன். உன் வூட்டுக்கு அஞ்சு வேளையும் துவா செய்வேன்."

அவள் படியிறங்கினாள். ஆன்றோ மூச்சு விட்டான். எங்கள் வீட்டுக்காக அவள் துவாவில் கையேந்துவதை நினைத்தபோது எனக்கு உடம்பு கூசியது.

"ஏம்மா, நில்லு," என்றேன்.

வியாபாரத்தில் யாருக்காகவும் நாற்காலியை விட்டு எழுந்தவனல்ல நான். எழுந்து போய்ப் பில்லை வாங்கி, கையெழுத்துக்குக் கீழே இன்னொரு வரி எழுதினேன். 'பழுது என்று தெரிந்தே, புதியது என்று சொல்லி விற்றேன்.' மறுபடி கையெழுத்துப் போட்டேன்.

அவள் படிக்க நேரமெடுத்தது.

"தெரிஞ்சேவா?"

"ஆமாம்மா."

திட்டுவாள் என்று நின்றேன். அவள் பில்லை நான்காக மடித்து முந்தானையில் முடிந்தாள். போகவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக் கடைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிக்கச் சொல்லுங்கப்பா, ஆளுக பாக்காங்க," என்றான் ஆன்றோ.

நான் சொல்லவில்லை. பல்பு வாங்க ஒருவர் வந்தார். எரிகிறதா என்று இரண்டு முறை போட்டுப் பார்த்துக் கொடுத்தேன். அவர் அவளைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார். அவள் நகரவில்லை.