நாலு மணிக்கு வந்தது

கழுதை கருவாட்டின் மேல் ஏறி நின்றதை அருளப்பன் காணவில்லை. அவரிருந்த இடத்திலிருந்து எட்டடிதான். லூர்தம்மா முதல் நாளே பிளந்து உப்பிட்டு, காலையில் பழைய வலையை விரித்துப் பரவிவிட்ட கட்டா மீன்களில் பாதியை அது மிதித்து மண்ணாக்கிவிட்டு, மிச்சத்தை மோந்துகொண்டு நின்றது. காகம் விரட்டத்தான் அவரை அங்கே இருத்தியிருந்தாள். அவரோ கவிழ்த்துப் போட்ட வள்ளத்தில் சாய்ந்தபடி, சென்னையில் எவனோ ஒருவன் பன்னிரண்டு பரோட்டா தின்பதைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாவது பரோட்டாவில் லூர்தம்மா வந்து நின்றாள்.

அவள் சத்தம் போடவில்லை. பனைமட்டையால் கழுதைக்கு இரண்டு போட்டாள். மண் பட்ட மீன்களைப் பொறுக்கிக் கடகப் பெட்டியில் போட்டுக்கொண்டு கடலில் அலசப் போகும்போது, "கழுதைக்குக்கூட மீன் கண்ணிலை பட்டுது" என்றாள். அவ்வளவுதான்.

அருளப்பன் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அரசாங்கக் கந்தோரில் கையெழுத்துக் கேட்டால், வாசிக்க வராவிட்டாலும், பேப்பரை நாலு தரம் திருப்பிப் பார்ப்பார். டொக்டர் தருகிற குளிசையைப் பாதியாக உடைத்துத்தான் விழுங்குவார். இத்தாலியிலிருக்கிற மகள் ஜெயந்தினி போன வருடம் வந்தபோது இந்தப் போனைக் கொடுத்துவிட்டுப் போனாள். நாங்கள் கதைக்கிறதை இது ஆருக்கோ சொல்லிக் குடுக்கும் என்று துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தவர் அவர். அப்படிப்பட்டவர் மார்கழியிலிருந்து அதை மடியைவிட்டு இறக்கவில்லை. அவர்களுடைய ஊர் தாழ்வுபாடு. அந்தக் கடற்கரை முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தது. லூர்தம்மா சிரிக்கவில்லை. மனிசன் ஆடுகிற பெட்டைகளைப் பார்க்கிறார் என்று நினைத்தாள். நினைக்கட்டும் என்று அவரும் விட்டுவிட்டார்.

நடந்தது இதுதான். மார்கழியில் ஒரு நாள், மகள் கோல் எடுப்பாள் என்று போனை வெளியே எடுத்து வைத்திருந்தார். பின்னேரம் நாலு மணி இருக்கும். விரல் எங்கோ பட்டு வீடியோக்கள் ஓடத் தொடங்கின. ஒன்று முடிய இன்னொன்று. நடுவில் மங்கலாய், பழசாய் ஒன்று வந்தது. அவருடைய ஊர்க் கோயில் திருநாள். வெளிநாட்டிலிருந்து வந்த யாரோ எடுத்திருக்கவேண்டும். புனிதரின் சுரூபம் வைத்த கூட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலால் வந்தார்கள். முன் தடியில் இரண்டாவது ஆள் சசிகரன். அவருடைய மகன். பதினான்கு வருடத்துக்கு முன் கடலுக்குப் போனவன். வள்ளம் மட்டும் கரைக்கு வந்தது.

அவன் தலையைத் திருப்பி ஆரையோ பார்த்துச் சிரித்தான். இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி நடந்தான். அவன் அப்படித்தான் நடப்பான் என்பதையே அருளப்பன் மறந்துபோயிருந்தார். வீட்டுச் சுவரில் இருப்பது அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தது. அதில் களவெடுத்துப் பிடிபட்டவன் மாதிரி முழிப்பான், சிரிக்கமாட்டான். பத்து எண்ணுவதற்குள் அவன் கூட்டத்துக்குள் போய்விட்டான். அருளப்பனின் பெருவிரல் எங்கே பட்டதோ, கோயில் போய்ச் சவர்க்கார விளம்பரம் வந்தது.

அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. லூர்தம்மாவிடம் சொன்னால் காட்டு என்பாள். காட்ட முடியாது. கையில் வந்ததை நழுவவிட்டாயே என்று சாகும்வரை கேட்பாள். அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் இருந்தது. ஒரு நேரம் ஒரு இடத்தில் சூடை மீன் கூட்டத்தைக் கண்டவன், அடுத்த நாள் கடல் முழுக்க ஓடித் தேடமாட்டான். அதே நேரத்துக்கு அதே இடத்தில் போய்ச் சத்தம் காட்டாமல் இருப்பான். அருளப்பனும் நாலு மணிக்கு அதே வள்ளத்தில், அதே பக்கம் சாய்ந்து இருந்தார். வரவில்லை. மூன்று மணிக்கே போய் இருந்து பார்த்தார். பிறகு மத்தியானத்திலிருந்து. பாம்பு பிடிப்பவன் வந்தான், மண்ணால் வீடு கட்டுகிற வெள்ளைக்காரன் வந்தான், பரோட்டாக்காரன் வந்தான். ஒன்றையும் அவர் தள்ளிவிடவில்லை. விரலை அசைத்தால் பின்னால் வருகிற கூட்டம் கலைந்துவிடும் என்று நினைத்தார். ஒவ்வொன்றையும் கடைசிவரைக்கும் பார்த்தார். இரண்டு மாதம்.

கழுதை மிதித்தது திங்கட்கிழமை. புதன்கிழமை விபூதிப் புதன், தவக்காலம் தொடங்குகிற நாள். தவக்காலத்துக்கு ஒவ்வொரு வருடமும் அவர் கள்ளை விட்டு ஒறுத்தல் செய்வது வழக்கம். திங்கட்கிழமை பின்னேரம், அலசின மீனைத் திருப்பிப் பரவியபடியே லூர்தம்மா இந்த வருட ஒறுத்தலைச் சொன்னாள்.

"கள்ளைக் குடியுங்கோ. எவ்வளவு வேணுமெண்டாலும் குடியுங்கோ. இந்தச் சனியனை வையுங்கோ."

"ஏலாது."

நாற்பத்தாறு வருடத்தில் தவக்கால விசயத்தில் அவர் ஏலாது என்று சொன்னது அதுதான் முதல் தரம். அவள் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள்.

"அப்ப சொல்லுங்கோ. ஆர் அவள்?"

"அவள் இல்லையடி. சசிகரன்."

முழுவதையும் சொன்னார். சொல்லி முடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. பத்து எண்ணுகிற விசயம்தானே. லூர்தம்மா அழவில்லை. சேட்டு என்ன நிறம் என்று கேட்டாள். வெள்ளை மாதிரி என்றார். சேட்டுக் கையில் கோடு போட்டதோ என்று கேட்டாள். அது தெரியாது என்றார். பிறகு எழுந்து போய்க் கை கழுவினாள். உப்புப் போக அவ்வளவு நேரம் எடுக்காது.

அடுத்த நாள் காலையில் அவளே அவரைக் கொலின்ஸின் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கொலின்ஸ் சந்தியில் போனுக்கு றீலோட் காசு போட்டு, பழுதானால் திருத்துகிற பெடியன். இரண்டு பிள்ளைகளின் தகப்பன் என்றாலும் அவருக்குப் பெடியன்தான். போனை அவனிடம் கொடுக்கும்போதும் அருளப்பன் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டே இருந்தார். கொலின்ஸ் உள்ளே பார்த்துவிட்டு, எல்லாத்தையும் கடைசி மட்டும் பார்த்தனீங்களோ என்று கேட்டான்.

"ஓம். தள்ளினாக் கலைஞ்சு போயிடும்."

கொலின்ஸ் சிரிக்கத் தொடங்கி, லூர்தம்மாவின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

"இது கடல் இல்லை அப்பு. நீங்கள் எதைப் பாத்துக்கொண்டிருக்கிறீங்களோ, அதைத்தான் திரும்பக் கொண்டந்து கொட்டும். பரோட்டா பாத்தால் பரோட்டாதான். வேணுமெண்டதை நாங்கள்தான் கேக்கோணும்."

கலைந்துவிடும் என்று அசையாமல் இருந்த இரண்டு மாதமும், அருளப்பன் மகனைத் தூரத் தூரத் துரத்திக்கொண்டிருந்திருக்கிறார். என்னவென்று கேட்பது என்று கொலின்ஸ் கேட்டபோது, மகன்ரை பேரைப் போடாதை என்றார். பேரைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஊரைப் போடு, திருநாளைப் போடு. வாசலில் வேம்பு நிற்கும், இப்ப தறிச்சாச்சு. கூட்டுக்கு நீலப் பட்டு.

கொலின்ஸ் தட்டினான். நகத்தளவு படங்கள் வரிசையாய் மேலே போயின. ஒரு இடத்தில் அருளப்பன் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தார். வேம்பு. நீலப் பட்டு.

கொலின்ஸின் விரல் அதில் படப் போனது. லூர்தம்மா போன் கண்ணாடிக்கு மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தாள்.

"இஞ்சை வேண்டாம் தம்பி."

தேடாமலே எடுக்கிற மாதிரி அதை ஓரிடத்தில் வைத்துத் தரக் கேட்டாள். வைத்துத் தந்தான். ஒன்று முடிய மற்றது தானாய் ஓடி வராமலும் செய்துவிட்டான். அவள் போனை நிற்பாட்டி, சேலைத் தலைப்பில் சுற்றிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பார்ப்போம், ஒருக்கா பார்ப்போம் என்றாள். ஞாயிறு ஒறுத்தலில் சேராது.

"அதுக்குள்ளை அது போயிட்டால்?"

"இனி எங்கை போறது" என்றாள் லூர்தம்மா, திரும்பிப் பார்க்காமல்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணி. போன் வீட்டுக்குள் அந்தோனியார் சுரூபத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அருளப்பன் வள்ளத்தில் சாய்ந்து, பனைமட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பெருவிரல் மட்டையின் மேல் சும்மா தேய்ந்துகொண்டிருந்தது. கழுதை வந்து வலையின் விளிம்பில் நின்றது. அவர் எழுந்தார். வீட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். வாசலில் ஒருவரும் இல்லை. இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி, பாரம் தூக்கினவன் மாதிரி, கருவாட்டைச் சுற்றி மெதுவாக நடந்து பார்த்தார். கழுதை போகாமல் பார்த்துக்கொண்டு நின்றது.