ஒன்பதாம் வரிசையில் நெவில்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. வேலிக்கு அந்தப் பக்கம் உதித்தது. அடிலெய்டில் என் அடுத்த வீட்டுக்காரர் நெவில், அறுபத்து மூன்று வயது, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். போன வருஷம் மார்ச்சில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டபடியே இதை என்னிடம் மூன்று முறை சொன்னார். மூன்றும் மூன்று விதம். நான்காவது விதத்தை அவர் மனைவி கிளெண்டா சொன்னார். அதைத்தான் நம்பினேன், ஏனென்றால் அதில் சொன்னவர் நல்லவராக வரவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி:

மாலை வெயில் திராட்சைக் கொடிகளின் மீது தேன் போல வழிந்து

[வழியட்டும். அன்று நாற்பத்திரண்டு டிகிரி. தேன் இல்லை, தார்.]

இரண்டாம் முயற்சி:

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடங்களில் அவர்களுக்குள் பேசுவதற்கு எதுவும் மிச்சம்

இதை நெவிலிடம் படித்துக் காட்டினேன். "என்னடா, எங்களுக்குக் கருமாதி பண்றியா? பதினாறு நாளும் அவ வாயே மூடல" என்றார். அடித்துவிட்டேன்.

மூன்றாம் முயற்சியில் அழகு எதுவும் இல்லை. நெவிலும் கிளெண்டாவும் பதினாறு நாள் காரில் ஒயின் ஊர்களைச் சுற்றக் கிளம்பினார்கள். விக்டோரியாவின் யாரா பள்ளத்தாக்கு வரை போனார்கள். மெதுவாகத் திரும்பினார்கள். கடைசி இரண்டு நாளுக்கு எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பரோசாவில் ட்ரூடி வீட்டில் தங்கினார்கள். ட்ரூடி கிளெண்டாவின் பள்ளித் தோழி. அவளுக்கு ஒரு திராட்சைத் தோட்டம் உண்டு. அவளுடைய பூட்டன் நட்ட கொடிகள், நூற்று முப்பது வயது, இன்னும் காய்க்கின்றன.

(அடிக்குறிப்பு. அடியில் போட்டால் யாரும் படிப்பதில்லை என்பதால் நடுவில்: வேர்ப்பேன் என்று ஒரு பூச்சி. கடுகில் பாதிகூட இருக்காது. திராட்சை வேரைத் தின்னும். மருந்து கிடையாது, கொடியைப் பிடுங்கிப் போடுவதுதான் வைத்தியம். யாரா பக்கம் இருக்கிறது, பரோசாவில் இல்லை. தானாக அவ்வளவு தூரம் நடக்காது. யாராவது பூட்ஸ் மண்ணில் தூக்கிவந்தால்தான் உண்டு. அதனால் வெளியூர் மண் ஒட்டிய காலோடு கொடி வரிசைக்குள் இறங்கக் கூடாது என்பது எங்கள் மாநிலத்தில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். நெவிலுக்குத் தெரியாமலா? யாராவில் இரண்டு சிட்னிக்காரர்களை நிறுத்தி வைத்து இதைப் பற்றி இருபது நிமிடம் வகுப்பெடுத்தவர் அவர்.)

3

கடைசிக்கு முந்தைய நாள் சாயங்காலம் நெவில் ஓடைப்பக்கம் தனியாக நடக்கப் போனார். பாம்புக்குப் பயந்து, டிக்கியில் கிடந்த பூட்ஸை மாட்டிக்கொண்டார். திரும்பும்போது ஒரு அவசரம் வந்தது. பக்கத்தில் மறைவாக இருந்தது கொடி வரிசைதான்.

வீட்டில் இரண்டு கழிப்பறை இருந்தன. ஏன் அங்கே போகவில்லை என்று கேட்டேன்.

"காத்து நல்லா இருந்துச்சு" என்றார்.

[இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின் மீது எனக்கு நம்பிக்கை போய்விட்டது. இப்படி ஒரு காரணத்தைக் கற்பனையில் எழுதினால் எந்தப் பத்திரிகையும் வாங்காது. நடந்ததால் மட்டுமே விட்டு வைக்கிறேன்.]

4

மறுநாள் காலை மூட்டை கட்டும்போது கிளெண்டா பூட்ஸைத் திருப்பிப் பார்த்தார். அடியில் இரண்டு நிற மண். மேலே பரோசாவின் சிவப்பு. அதற்குள் காய்ந்து இறுகிய சாம்பல் நிறம்.

"நெவ். இத யாராவுக்கு அப்புறம் கழுவினியா?"

"கழுவலாம்னு டிக்கில போட்டேன்."

"கழுவினியா?"

"போட்டேன்னு சொல்றேன்ல."

"நேத்து எங்க போன இத மாட்டிக்கிட்டு?"

நெவில் சொன்னார். கிளெண்டா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே ட்ரூடி கோழிக்குத் தீனி போட்டபடி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

நெவிலின் மூன்று பதிப்புகளிலும் இதற்கு அடுத்த வரி, "உடனே போய் ட்ரூடிகிட்ட சொல்லிட்டோம்." கிளெண்டாவின் பதிப்பில் இடையே ஒரு பேச்சு இருக்கிறது.

"பூட்ஸக் கவர்ல கட்டு. ஒண்ணும் சொல்லாத. கிளம்பலாம்."

"கிளெண்டா..."

"அம்பது வருஷ சிநேகிதம் நெவ். உன் ஒண்ணுக்குக்காக நான் அத இழக்கணுமா? ஒண்ணும் ஆகாது. வண்டிய எடு."

முப்பத்தெட்டு வருடத்தில் கிளெண்டா சொல்லி நெவில் வண்டியை எடுக்காமல் இருந்ததில்லையாம்.

5

முடிவு அ: வண்டியை எடுக்கிறார்கள். மூன்று வருடம் கழித்து ட்ரூடியின் கொடிகள் மஞ்சளாகின்றன. கிளெண்டா ஆறுதல் சொல்ல போன் செய்கிறார். [இதை எழுதி முடித்து அன்று சாப்பாடு இறங்கவில்லை. வேண்டாம்.]

முடிவு ஆ: ட்ரூடி துப்பாக்கியை எடுக்கிறாள். [அவளிடம் துப்பாக்கி இல்லை. இருப்பது ஒரு கோழிக்கூடை.]

நடந்தது: கிளம்புமுன் காலைச் சாப்பாட்டு மேசையில் கிளெண்டா ஜாம் கேட்டார். நெவில் தட்டில் இருந்த ரொட்டியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். வெண்ணெயை நீட்டிய ட்ரூடியிடம், "நேத்து நான் உன் கொடிக்குள்ள இறங்கிட்டேன். யாரா மண்ணோட" என்றார்.

வெண்ணெய் அந்தரத்தில் நின்றது.

"எந்த வரிசை?" என்றாள் ட்ரூடி.

"ஒன்பது."

"காட்டு."

வரிசையின் தலைமாட்டிலேயே ட்ரூடி அவரை நிறுத்தினாள். கழுவிய செருப்போடு அவள் மட்டும் உள்ளே போனாள். அங்கிருந்து கத்தினாள்: "இங்கயா?"

"இன்னும் ரெண்டு கொடி தள்ளி."

"எந்தப் பக்கம் பாத்து நின்ன?"

"அதெல்லாம் எதுக்கு ட்ரூடி?"

"சொல்லுடா!"

கிளெண்டா சிரிக்கக் கூடாத நேரத்தில் சிரித்துவிட்டார். பிறகு அழுதார். "நான்தான் சொல்ல வேணாம்னேன், ட்ரூடி. அவன் இல்ல. நான்."

ட்ரூடி அந்தக் கொடிக்கு ரோஸ் நிற நாடா கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "தெரியும்டி. ரொட்டிய எடுத்து எடுத்து வச்சது அவன் மட்டுந்தானே. நீ நிதானமா ஜாம் கேட்ட."

6

பிறகு ட்ரூடி பூச்சித் தடுப்பு அதிகாரிக்குப் போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி மேசையில் வைத்தாள்.

"பூட்ஸ் எங்க இருந்துச்சு சார்?"

"டிக்கில."

"எத்தன நாள்?"

"பன்னெண்டு."

"வண்டி நிழல்ல நின்னுச்சா?"

"எங்க நிழல்? வர்ற வழியில மில்டூராவுல என் செருப்பே உருகிடுச்சு."

அந்தப் பக்கம் எதையோ தட்டெழுதும் சத்தம் கேட்டது. பிறகு, "சார், அந்த டிக்கில பன்னெண்டு நாள் நீங்க இருந்திருந்தாலே பொழச்சிருக்க மாட்டீங்க. பேன் எங்க பொழைக்கும்? ஆளனுப்பி மண்ண எடுக்கச் சொல்றேன். ஆனா மூணு கோடைக்கு அந்த வரிசையப் பாத்துக்கிட்டே இருக்கணும். வேர்ல இருந்தா இலைலதான் தெரியும்."

நெவில் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அழலடா, வேர்த்துச்சு" என்கிறார் என்னிடம். சரி, வேர்த்தது என்றே இருக்கட்டும்.

ட்ரூடி ஒரே ஒரு தண்டனை கொடுத்தாள். மூன்று வருஷமும் பிப்ரவரியில் இருவரும் வர வேண்டும். அவள் தரும் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஒன்பதாம் வரிசையை இலை இலையாகப் பார்க்க வேண்டும்.

7

இந்தப் பிப்ரவரியில் முதல் முறை போனார்கள். நான் பரீட்சைக்குப் படிப்பதாக அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்த நேரம், வரிசைக்குள் நின்றபடியே நெவில் போனில் கூப்பிட்டார்.

"பச்சடா! அத்தனையும் பச்ச!"

பின்னால் ட்ரூடியின் குரல்: "கீழ் இலையத் திருப்பிப் பாருடா சோம்பேறி!" அதற்கும் பின்னால், மூச்சுத் திணறத் திணறக் கிளெண்டாவின் சிரிப்பு.

நான் இங்கேயே நிறுத்துகிறேன். இன்னும் இரண்டு கோடை பாக்கி. அதிகாரி பயப்படாதீர்கள் என்கிறார். ட்ரூடி, பயப்படுவது என் வேலை, செய்துவிட்டுப் போகிறேன் என்கிறாள். மண்ணுக்குள் நடப்பதை இங்கே உட்கார்ந்து முடித்து வைக்க எனக்கு மனசில்லை. கீழே ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன், நீங்கள் நிரப்புங்கள். பச்சை என்றால் பேனாவில் எழுதலாம். மஞ்சள் என்று தோன்றுகிறவர்கள் தயவுசெய்து பென்சிலில் எழுதவும்.

மூன்றாம் கோடையில் ஒன்பதாம் வரிசை ____________