வரி நகர்ந்தது, குறிப்பு நின்றது

1

இக்கதை பிறந்தது ஒரு பிழையில், பிழை என்னுடையது. பழம்பாடல்களுக்கு என் அக்காள் எழுதிய உரையைப் பதிப்பித்துக்கொண்டிருந்தேன். கணினி மெய்ப்பில், ஒரு தாமரைப் படத்தின் அருகே, “இது பொருந்தவில்லை; எடுத்துவிடுக” என்று ஓரக்குறிப்பு வைத்தேன். அதைப் படத்தோடு பிணைக்கவில்லை. பக்கத்தின் மேல்விளிம்பிலிருந்து பத்து சென்டிமீட்டர் என்று அளந்து நிறுத்தினேன். (அளவின்மேல் எனக்கு அப்படியொரு பக்தி.) பின்பு, விடுபட்ட பாடலொன்றை முன்னே சேர்த்தேன். வரிகளும் படமும் கீழே நகர்ந்தன, குறிப்பு நகரவில்லை. அதன் அருகே வந்து சேர்ந்ததோ, மறைந்த அத்தானைப் பற்றி அக்காள் முதன்முறையாக எழுதிய பத்தி.

மெய்ப்பு அக்காளிடம் போயிற்று.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

மழை பெய்துகொண்டிருந்த அந்த மாலையில் அக்காள்— (அன்று மழையே இல்லை.)

துயரம் என்பது யாதெனில்— (கதை கேட்க வந்தவருக்கு இலக்கணமா?)

நடந்தது இதுவே: அக்காள் தன் படியிலிருந்து அப்பத்தியை அழித்தாள். மூன்று நாள் என் அழைப்பை எடுக்கவில்லை.*

* நான்காம் நாள் தானே எடுத்திருப்பாள் என்று நம்பும் வாசகர், என் அக்காளை அறியார்.

3

அட்டைக்கு ஒப்புதல் கேட்டு, பக்கங்களை வடிவமைக்கும் பெண் எங்கள் இருவரையும் அழைத்திருந்தார். அக்காள் என் முகம் பாராமல் அமர்ந்தாள்.

“ஒரு பத்தி குறையுதே அக்கா?” என்றார் அந்தப் பெண்.

“அதான் எடுக்கச் சொல்லிட்டானே. எடுத்துட்டேன்.”

“எதைக்கா?” என்றேன். அக்காள் திரையில் விரல் வைத்தாள். அத்தானின் பத்தி இருந்த இடம்; பக்கத்தில் என் குறிப்பு.

“சார், குறிப்பை எதோட கட்டினீங்க?”

“கட்டலம்மா. அளந்து வச்சேன், ஆடாம நிக்கும்னு.”

“அது நின்னுடுச்சு. வரிதான் நடந்து போயிடுச்சு.”

அவர் பழைய மெய்ப்பைத் திறந்தார். அங்கே குறிப்பு தாமரையின் அருகில் இருந்தது.

“டேய், அப்ப உனக்குப் பிடிக்காதது இந்தப் பூவா?”

“பூவாக்கா அது? முட்டைக்கோஸ்.”

“எருமை! மூணு நாளா எனக்குச் சோறு இறங்கல.”

எந்த வாழ்த்தும் என் செவியில் அவ்வளவு இனித்ததில்லை.

4

அக்காள் கண்ணீர் மல்க— (இல்லை. அழவில்லை.)

அழித்த பத்தி பழைய மெய்ப்பில் உயிரோடிருந்தது. அக்காள் வாய்விட்டு வாசித்தாள். ‘அவர் ஒருநாளும் சினந்ததில்லை’ என்ற இடத்தில் நின்றாள்.

“பொய்டா இது. சாவி காணலன்னா தெருவுக்கே கேக்கும் அவர் சத்தம். எடுத்துடு.”

“நானா? ஆளை விடு தாயே!”

சிரித்துக்கொண்டே அந்த வரியைத் தானே அடித்தாள். வேறொரு வாக்கியம் எழுதினாள்.

அதை நான் தரப்போவதில்லை. வாசகரே, கோபித்துக்கொண்டும் உம்மைவிட்டு அகலாத ஒருவர் உமக்கும் இருந்திருப்பார். அவரை நினைந்து நீரே எழுதுக:

அவர் சினந்தால்—